கொல்லைக் குளவிகளும் நாங்களும்

கொல்லையில் குளவிக் கூடு கண்ணில் பட்டால் நீளக் கம்பும் மண்ணெண்ணெய்த் துணியும் தேடுவதுதான் நம் ஊர் வழக்கம். காய்கறி போட்டிருக்கிறவர்கள் அந்தக் கம்பை எடுப்பதற்கு முன்னால் இரண்டு விஷயம் பார்த்தாக வேண்டும். வந்திருப்பது எந்தக் குளவி? கூடு எந்த இடத்தில் இருக்கிறது? இவ்வளவு தெரிந்துவிட்டால் பெரும்பாலான கூடுகளைத் தொடவே வேண்டியிருக்காது. தொட்டே ஆக வேண்டிய ஒருவகைக் கூட்டுக்கோ நம் கம்பும் துணியும் போதாது, அதற்கென்று ஆட்கள் வர வேண்டும்.

எங்கள் வீடு கும்பகோணத்துக்குப் பக்கம், அரசலாற்றங்கரையில். பழைய ஓட்டு வீடு. பின்னால் கிணற்றடி தாண்டிக் கொல்லை. கத்தரி, வெண்டை, அவரைப் பந்தல், எலுமிச்சை, பப்பாளி, மூலையில் உரக்குழி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்தக் கொல்லை என் பொறுப்பில் இருக்கிறது. இங்கே குளவி இல்லாத மாதம் என்று ஒன்று கிடையாது.

குளவி என்றாலே கூட்டமாக வந்து கொட்டும் என்று நினைக்கிறோம். வகையை எண்ணினால் தனியாக வாழ்கிறவைதான் அதிகம். அவற்றுக்குக் காவல் காக்கக் கூட்டமும் இல்லை, கூட்டைக் காக்க நம்மேல் பாயும் பழக்கமும் இல்லை. வீட்டுக்குள் மண்ணால் கூடு கட்டுகிற மண் குளவி இந்த வகை. கறுப்பு உடம்பு, மஞ்சள் கால், நூல்போல மெலிந்த இடுப்பு. எங்கள் பக்கம் அதிகம் தென்படும் மண் குளவிக்கு 1781இல் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ் வைத்த அறிவியல் பெயரில் மெட்ராஸ் இருக்கிறது: ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பட்டானம்.

வெயில் காலத்தில் குழாய் சொட்டுகிற இடத்தில் கொஞ்சம் சேறு காயாமல் இருந்தால் போதும், அது வந்துவிடும். தலையைக் கீழே சாய்த்து, வயிற்றைத் தூக்கிக்கொண்டு, சிறகு அதிர அதிரச் சேற்றை வாயால் சுரண்டி உருட்டும். பயறு அளவு உருண்டை சேர்ந்ததும் நேராக வீட்டுக்குள், சாமி படத்துக்குப் பின்னாலோ கதவு மூலைக்கோ போகும். உருண்டையை ஒட்டிப் பூசும்போது எழுகிற ரீங்காரம் பறக்கும்போது கேட்கிற சத்தத்திலிருந்து வேறு. சன்னமாக, இழுத்து இழுத்து வரும். அந்தச் சத்தத்தை வைத்தே எந்த அறையில் கட்டுகிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஒருமுறை திரைக்கம்பியைக் கழற்றும்போது பின்னால் இருந்த கூடு விழுந்து உடைந்தது. விரல் நீள அறைகள், பக்கத்தில் பக்கத்தில். ஒரு அறை முழுக்கச் சின்னச் சின்னச் சிலந்திகள், நெருக்கி அடைத்திருந்தன. ஒன்றின் வயிற்றோரத்தில் வெள்ளையாக நீளமான ஒரு முட்டை. விளக்குமாற்றுக் குச்சியால் தொட்டதும் ஒரு சிலந்தியின் கால் மெல்ல மடங்கியது.

"செத்துப் போச்சுன்னு நெனச்சேன் அத்தை, கால் ஆடுது பாருங்க."

"சாகாதும்மா. கொட்டி மயக்கித்தான் வச்சிருக்கும். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாயிடும்னு எங்கப்பா சொல்வாங்க."

அந்தச் சொல் நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. குருவின் பார்வை பட்டுச் சீடன் மாறுவதற்கு அதைத்தான் உதாரணம் சொல்வார்கள். கூட்டுக்குள் புழு போகிறது, வாயை மண் அடைக்கிறது, சில வாரத்தில் உள்ளிருந்து குளவி வருகிறது. வெளியிலிருந்து பார்த்த கண்ணுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். உள்ளே நடப்பது வேறு. உயிரோடு செயலிழந்து கிடக்கும் இரையை, முட்டையிலிருந்து வருகிற குளவிக் குஞ்சு தின்று வளர்கிறது. இரை உயிரோடு இருப்பதால் அழுகுவதில்லை. மண் குளவி சிலந்தியைப் பிடிக்கும். அதன் உறவுக்காரக் குளவி ஒன்று இலைப்புழுவைப் பிடிக்கும். தோட்டக்காரர்களுக்கு இந்த இரண்டாவது ரொம்ப வேண்டியவர்.

அதன் கூடு அவரைப் பந்தல் கழியிலோ ஜன்னல் கம்பியிலோ ஒட்டியிருக்கும். சுண்டைக்காய் அளவு, வாய் விரிந்த ஒரு குட்டிக் கலயம். கலயம் முடிந்ததும் உள் கூரையிலிருந்து மெல்லிய இழையில் ஒரு முட்டையைத் தொங்கவிட்டு, அதற்கப்புறம்தான் புழு பிடிக்கக் கிளம்பும். அவரை இலையிலும் வெண்டை இலையிலும் இருக்கிற பச்சைப் புழுக்கள் ஒவ்வொன்றாக அந்தக் கழுத்து வழியே உள்ளே போவதைப் பந்தலடியில் நின்று பார்த்திருக்கிறேன். புழு கழுத்தில் சிக்கிக்கொண்டால் வெளியே இழுத்து, திருப்பிப் பிடித்து, மறுபடி தள்ளும். கலயம் நிறைந்ததும் வாயை மூடிவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் அந்தக் கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

குளவி வீட்டில் கூடு கட்டினால் குழந்தை உண்டாகும் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை உண்டு. கூட்டைக் கலைக்க விட மாட்டார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கலைக்காமல் விடுவது நல்லது, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். கையில் பிடித்து நசுக்கினால் ஒழிய இந்தக் குளவிகள் கொட்டுவது அபூர்வம்.

கிணற்றடித் துவைக்கல் பக்கம் இன்னொன்று வரும். உடம்பெல்லாம் மின்னுகிற பச்சை நீலம், நடுக்கால், பின்கால் தொடைகள் மட்டும் சிவப்பு. கரப்பான் பூச்சியைப் பிடிக்கிற குளவி அது. முதல் கொட்டு நெஞ்சில், முன்னங்கால் கொஞ்ச நேரத்துக்கு ஓய்ந்துவிடும். அடுத்தது தலைக்குள், மூளையைத் தேடி. அதற்கப்புறம் கரப்பானுக்கு நடக்க முடியும், ஆனால் தானாக ஓடத் தோன்றாது. குளவி அதன் மீசையைப் பாதி கடித்துத் துண்டித்துவிட்டு, மிச்சத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். தன்னைவிடப் பெரிய பூச்சி பின்னாலேயே நடந்து போய்ச் சுவர்ப் பொந்துக்குள் நுழையும். உள்ளே கால் ஓரம் ஒரு முட்டை வைத்துவிட்டு, சின்னச் சின்னக் கல்லும் குப்பையும் கொண்டு வாயை அடைத்துவிடும். கரப்பானுக்கு மருந்து தெளிக்கிற கிணற்றடியில் இந்தக் காட்சி கிடைக்காது.

உரக்குழியைச் சுற்றிப் பெரிதாகக் கறுப்பில் மஞ்சள் புள்ளியோடு தாழப் பறக்கிற குளவியைக் கண்டு பயப்பட வேண்டாம். அது குழிக்குள் இருக்கிற வண்டுப் புழுக்களைத் தேடி வருவது. தென்னை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், காண்டாமிருக வண்டின் புழு வளர்வது எருக்குழியில்தான்.

இனி கூட்டமாக வாழ்கிறவை. கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

எலுமிச்சைக் கிளையிலும் சன்ஷேடுக்கு அடியிலும் சாம்பல் நிறத்தில், மூடாத அறைகளோடு, ஒற்றைக் காம்பில் தொங்குகிற கூட்டைப் பார்த்திருப்பீர்கள். மரநாரைச் சுரண்டி எச்சிலோடு மென்று செய்த காகிதம் அது. எங்கள் கொல்லையில் இருப்பது செம்பழுப்பு நிறச் சின்னக் குளவி, ரோபாலிடியா. காம்பில் எறும்பு ஏறாமலிருக்க வயிற்றிலிருந்து ஒரு பொருளை அடிக்கடி தேய்த்துவிடும். கேமராவைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால் வயிற்றுநுனியைக் காம்பில் உரசுவது தெரியும்.

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தது இந்தக் குளவியைத்தான். இதன் ராணி சண்டைக்காரி கிடையாது, கூட்டில் இருப்பதிலேயே சாதுவானவர்களில் ஒருத்தி. அவளை எடுத்துவிட்டால் வேலைக்காரிகளில் ஒருத்தி உடனே முரட்டுத்தனமாக மாறி, அடுத்த ராணியாகிவிடுகிறாள். இதில் தோட்டக்காரருக்கு ஒரு பாடம் இருக்கிறது. பகலில் கம்பால் தட்டிக் கூட்டை மட்டும் விழவைத்தால் குடும்பம் முடிந்துவிடாது. பறந்துபோனவை திரும்பி வந்து அதே இடத்திலோ பக்கத்திலோ மறுபடி கட்டும். இந்த முறை அவை நம்மீது எச்சரிக்கையாகவும் இருக்கும்.

இவற்றின் வேலை என்ன என்று பார்க்க, காலை எட்டு மணி வெயிலில் கத்தரிச் செடி பக்கம் நின்றால் போதும். இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், தண்டு என்று வரிசையாக நடந்து தேடும். புழு அகப்பட்டதும் கொட்டி நேரம் கடத்தாது, அங்கேயே கடித்து, தோலையும் குடலையும் தள்ளிவிட்டு, சதையை மென்று பச்சை உருண்டையாக்கும். கடைவாயிலிருந்து பச்சைச் சாறு வழிய வழியச் சுற்றிச் சுற்றித் திருப்பும். அந்த உருண்டை கூட்டிலிருக்கும் குஞ்சுகளுக்கு. பெரியவை குடிப்பது பூந்தேனும் பழச்சாறும், குஞ்சுகள் திருப்பித் தருகிற எச்சில் துளியும்தான்.

எல்லாப் பூச்சியையும் இவை பார்த்துக்கொள்ளும் என்று நம்பி உட்காரவும் கூடாது. கத்தரிக் காய்க்குள் புகுந்துவிட்ட துளைப்பானை இந்தக் குளவியால் எடுக்க முடியாது. வாடிய நுனித்தண்டைக் கிள்ளி எரிப்பதும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பதும் நம் வேலை. முருங்கையில் அப்பிக் கிடக்கிற கம்பளிப்பூச்சிப் பக்கமும் இவை போய் நான் பார்த்ததில்லை. எலுமிச்சை இலையைத் தின்கிற புழு, வெண்டை இலைப்புழு, அவரையில் மேலே திரிகிற பச்சைப்புழு, இவற்றுக்கு இவைதான் காவல்.

கூடு இருக்கலாமா கூடாதா என்பதை நான் இடத்தை வைத்து முடிவு செய்கிறேன். தலைக்கு மேலே, யாரும் கை வைக்காத சன்ஷேடு அடியில் இருந்தால் இருக்கட்டும். பந்தலின் பின்கோடியில் இருந்தால் அந்தப் பக்கம் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவேன், வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுவேன். குழாய்ப் பிடிக்குப் பின்னால், கேட் தாழ்ப்பாளில், மோட்டார் பெட்டிக்குள், துணி காயப்போடுகிற கொடிக்குப் பக்கத்தில் இருந்தால் விடக் கூடாது. அங்கே நம் கை தினமும் போகும், என்றைக்காவது அதிர்ந்து கொட்டும்.

விடக் கூடாத இடத்தைக் கூடு பெரிதாகும் முன்பே பிடிப்பதுதான் சூட்சுமம். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குளவிதான் இருக்கும், அறைகள் ஏழெட்டைத் தாண்டாது. குளவி வெளியே போயிருக்கிற நேரம் பார்த்து நீளக் குச்சியால் காம்போடு சுரண்டிவிட்டு, காம்பு இருந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துவிட்டால், சேதம் யாருக்கும் இல்லாமல் அது வேறிடம் பார்த்துக்கொள்ளும். பெட்டிக்குள் கட்டுவதாக இருந்தால் ஓட்டையை அடைக்க வேண்டும். இதற்காகவே மாசி, பங்குனியில் வாரம் ஒருமுறை கேட், மோட்டார் பெட்டி, மாடிப்படி அடி எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவேன்.

கூட்டருகே வேலை செய்யும்போது அவை சொல்வதையும் கவனிக்கலாம். சும்மா உட்கார்ந்திருந்தவை திடீரென்று நம் பக்கம் திரும்பிச் சிறகை உயர்த்தி விறைத்து நின்றால், அது எச்சரிக்கை. கையை வீசாமல், ஓடாமல், வந்த வழியே பின்வாங்கினால் அதோடு முடிந்துவிடும். எலுமிச்சை கிளை கழிக்கும் முன் மரத்தைச் சுற்றி வந்து உள்கிளைகளைப் பார்ப்பதை ஒருநாளும் விடுவதில்லை. கொட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பார்க்காமல் கிளையை இழுத்தவர்கள்தான்.

கண்ணுக்கே தெரியாத குளவிகள் செய்கிற வேலை இதைவிடப் பெரியது. 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை நினைவிருக்கிறதா? அடுத்த இரண்டு வருஷத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தமிழ்நாடு முழுக்க வெள்ளையாய் அப்பியது. எங்கள் வீட்டுப் பப்பாளியிலும் இலை, காய், தண்டு எதையும் விடவில்லை. மருந்து அதன் மாவுப் பூச்சைத் தாண்டி இறங்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, பெருக்கி, வேளாண் பல்கலைக்கழகமும் வேளாண் அறிவியல் நிலையங்களும் ஊர் ஊராகக் கொடுத்தன. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி. மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைக்கும், குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வரும். அடுத்த பருவங்களில் மாவுப்பூச்சி அடங்கிவிட்டது. மரவள்ளியில் வேறொரு மாவுப்பூச்சி வந்தபோதும் இதே வழிதான். அதற்கான குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்து, 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது.

நம் கொல்லையிலேயே இந்தச் சின்னக் குளவிகளுக்கு அடையாளம் உண்டு. இலைப்புழுவின் முதுகிலோ பக்கத்திலோ அரிசியைவிடச் சிறிதாக வெள்ளைப் பஞ்சுக்கூடுகள் கொத்தாக ஒட்டியிருந்தால், அந்தப் புழுவை நசுக்காதீர்கள். அது இனித் தின்னாது. அந்தப் பஞ்சுக்குள் இருப்பது குளவிக் கூட்டுப்புழு. உப்பிப் பழுப்பேறி அசையாமல் ஒட்டிக்கிடக்கிற அசுவினியும் அப்படித்தான். அதன் முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. இந்த இலைகளைக் கிள்ளி எறிவதற்குப் பதிலாகச் செடியடியிலேயே விட்டுவைக்கிறேன்.

இவ்வளவும் மருந்தடிக்காத கொல்லையில்தான். வாரம் தவறாமல் மருந்தடிக்கிற இடத்தில் புழு கொஞ்சம் சாகும், குளவி மொத்தமாகச் சாகும். புழு சீக்கிரம் பெருகித் திரும்பிவிடும், குளவி திரும்ப நாளாகும். இடைப்பட்ட காலத்தில்தான் செடி மொட்டையாகிறது. வேப்பெண்ணெய்க் கரைசலைக்கூட நான் தோட்டம் முழுக்கத் தெளிப்பதில்லை. பாதித்த செடிக்கு மட்டும், பொழுது சாய்ந்து குளவி கூடடைந்த பிறகு. மற்றபடி அவற்றுக்கு வேண்டியது கொஞ்சம்தான். கொத்தமல்லியில் நாலு செடியை அறுக்காமல் பூக்க விடுங்கள், சோம்பும் துளசியும் பூக்கட்டும். நீண்ட நாக்கு இல்லாத இந்தச் சின்னக் குளவிகளுக்கு இந்த மாதிரிப் பொடிப்பூவில்தான் தேன் எட்டும். கோடையில் தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள், ஆனால் உட்காருகிற இடத்திலிருந்து தள்ளி. பழுத்து விழுந்த மாம்பழம், பப்பாளியை அன்றைக்கே பொறுக்கிவிடுங்கள். பழச்சாற்றில் மொய்க்கிற குளவியை வெறுங்காலில் மிதித்துத்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கொட்டு வாங்கியிருக்கிறார்கள்.

கதண்டு வேறு கதை. கருத்த பெரிய உடம்பு, வயிற்றில் அகலமாக மஞ்சள் பட்டை. தென்பக்கத்தில் கடந்தை என்பார்கள். பனை, தென்னை, புளியமரம், புதர் என்று கட்டும். மண்பொந்திலும் கட்டும். மரத்தில் தொங்குகிற கூடு காகித உறையால் முழுக்க மூடியிருக்கும், அறைகள் வெளியே தெரியாது. போக வர ஒரு வாய் மட்டும். மேலே சொன்ன திறந்த கூட்டுக்கும் இதற்கும் எட்ட நின்றே வித்தியாசம் தெரியும். இதுவும் பூச்சி தின்கிறதுதான். ஒருநாள் ஒற்றைக் கதண்டு வந்து எங்கள் எலுமிச்சைக் குளவிக் கூட்டில் உட்கார்ந்து, அறை அறையாகக் குஞ்சுகளை இழுத்துத் தின்றது. அத்தனை குளவியும் எதிர்க்காமல் கூட்டைவிட்டு விலகிப் பக்கத்து இலைகளில் போய் உட்கார்ந்துகொண்டன. தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதனால் தொல்லை உண்டு.

ஆனாலும் மனுஷர் நடமாடுகிற இடத்தில் கதண்டுக் கூட்டை வைத்துக்கொள்ளக் கூடாது. ஒன்றை அடித்தால் அதிலிருந்து கிளம்புகிற வாடையே மற்றவற்றைக் கூப்பிடும். கல்லெறிந்தோ, மரத்தை உலுக்கியோ, கீழே குப்பை எரித்துப் புகை போட்டோ கலைந்த கூட்டால் உயிர் போன செய்தி நம் மாவட்டங்களில் புதிதில்லை. எங்கள் தெருக்கோடிப் பனையில் கட்டியபோது தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னோம். 101 அல்லது 112க்குக் கூப்பிட்டால் போதும். இருட்டிய பிறகு, எல்லாம் கூட்டுக்குள் அடைந்ததும், உடம்பை முழுக்க மூடிக்கொண்டு வந்து வேலையை முடித்தார்கள். அதுவரை மாடு ஓட்டிப்போகிறவர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சுற்றுவழியில் போகச் சொன்னோம். வீட்டு ஆண்கள் தீப்பந்தம் கட்டிக்கொண்டு கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். பெட்ரோலும் ஓலையும் கதண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் வினைதான்.

கொட்டு பட்டால் முதலில் அந்த இடத்தைவிட்டு விலகுங்கள். தேனீபோலக் குளவி கொடுக்கை விட்டுவிட்டுப் போகாது, ஒன்றே பலமுறை கொட்டும். அதனால் கொடுக்கைத் தேடிக் கிள்ளிக்கொண்டிருக்க வேண்டாம். சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஐஸ் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். கையில் பட்டிருந்தால் மோதிரத்தையும் வளையலையும் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். சுண்ணாம்பு தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம், அது தோலைப் புண்ணாக்குமே தவிர விஷத்தை முறிக்காது. கொட்டிய இடம் வீங்குவதும் ஓரிரு நாள் வலிப்பதும் அரிப்பதும் சாதாரணம்.

மூச்சுத் திணறல், உதடோ நாக்கோ முகமோ வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, தலைசுற்றி மயக்கம், வாந்தி, இதில் எது வந்தாலும் ஒரே கொட்டாக இருந்தாலும் உடனே 108. ஆஸ்பத்திரியில் போடுகிற அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும், வீட்டு வைத்தியத்தில் நிமிஷங்களை விட்டுவிடாதீர்கள். கதண்டு பல இடத்தில் கொட்டியிருந்தால் ஆள் தெம்பாக இருந்தாலும் ஆஸ்பத்திரியில் காட்டியே ஆக வேண்டும். விஷம் சேர்ந்து சிறுநீரகத்தைப் பின்னால் பாதிக்கலாம். சிறுநீர் குறைவதும் கறுத்து வருவதும் அதன் அறிகுறி. வாய்க்குள்ளோ தொண்டையிலோ கொட்டினாலும் தாமதிக்கக் கூடாது. முன்பு ஒருமுறை கொட்டி இப்படி ஆனவர்கள் வீட்டில் இருந்தால், நான் இதுவரை எழுதிய "இருக்கட்டும் விடுங்கள்" எதுவும் அவர்களுக்குப் பொருந்தாது. அந்த வீட்டைச் சுற்றிக் கூட்டமாக வாழும் குளவியின் கூடு எதுவுமே வேண்டாம்.

கடைசியாக வீட்டுக்குள் இருக்கிற மண்கூடுகள். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் எல்லாவற்றையும் சுரண்டித் தள்ளிவிடுவார்கள். அறைகளில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியே போயாயிற்று, தாராளமாகச் சுரண்டலாம். ஓட்டை இல்லாமல் மூடியே இருந்தால் உள்ளே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கலாம். ப்ளக் ஓட்டைக்குள் மண்ணடைத்திருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், மெயினை நிறுத்திவிட்டு எடுத்துவிடுங்கள், பிறகு பயன்படுத்தாத ப்ளக் வாயில் டேப் ஒட்டிவையுங்கள். வாசக்கால் மேலே மூடிய கூடு இருந்தால் அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிட்டுச் சுற்றி அடிக்கச் சொல்வேன். வெள்ளையடிக்க வருகிறவருக்குப் பழகிவிட்டது. இப்போதெல்லாம் ஏணி வைக்கும் முன்னால், "எதையெல்லாம் விடணும்க்கா?" என்று அவரே கேட்டுவிடுகிறார்.